கருப்பைக்கு வெளியே

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்றபடியே வேலை செய்பவள் ஜெர்சி. ரொம்ப வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை என்பதால், அது அசையும்போதெல்லாம் உயிர் போகிற வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பக்கத்துக் கிளினிக்கில் ஸ்கேன் எடுக்காமலே வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள்.

ஏழாம் மாதம் லைனிலேயே மயங்கி விழுந்தாள். கணவன் டெனிசன் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டரம்மா ஸ்கேனை இரண்டு தடவை பார்த்தார்.

"கர்ப்பப்பை காலியா இருக்கும்மா. குழந்தை அதுக்கு வெளியே, குடல் பக்கத்துல வளர்ந்திருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"புள்ளைக்கு இன்னா ஆவும் டாக்டர்?" மயக்கம் தெளிந்த ஜெர்சி கேட்டாள்.

அவர் ஜெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெண் குழந்தை. சாயங்காலம் வரை மூச்சு இருந்தது. மறுநாள் ஜெர்சி கண் விழித்தபோது டெனிசன் அடக்கத்தை முடித்திருந்தான்.

"நஞ்சுக்கொடி குடலோட ஒட்டியிருக்கு. பிச்செடுத்தா ரத்தம் நிக்காது, அதனால உள்ளேயே விட்டுட்டோம். மெல்ல அதுவே கரைஞ்சிடும். காய்ச்சல் வந்தா மட்டும் உடனே வந்துடு" என்றார் டாக்டர்.

மறுபடி வேலைக்குப் போனாள். ஒவ்வொரு ஸ்கேனிலும் கொடி சுருங்கிக்கொண்டே வந்தது. நல்ல சேதி என்றார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்:

"அவளோடதுன்னு என்னாண்ட அது ஒண்ணுதான் கீது. அதுவும் கரைஞ்சிட்டா?"

டெனிசன் ஒரகடம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினான். கம்பெனி பஸ்கள் இரைந்துகொண்டு போயின. குழந்தையின் முகம் எப்படி இருந்தது என்று அன்றுதான் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தான்.