முத்துக்கருப்பன் சேர் கார் தேய்த்த ஞாயிறுகள்

புதன்கிழமை மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பாரூக் நானா அழைத்தார். பண்டாரவளையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். வியாபார நேரத்தில் யாருக்கும் போன் பண்ணமாட்டார். "நம்ம சேர் மவுத்தாப் போயிட்டாரு மாஸ்டர்" என்றார். முதல்நாள் வைத்த பால் போத்தல் வாசலில் அப்படியே இருந்ததைக் கண்டு பால்காரர்தான் கதவைத் தட்டியிருக்கிறார். சாய்கதிரையிலேயே உயிர் போயிருக்கிறது. ஒரு முழுநாள் அது யாருக்கும் தெரியவில்லை என்பதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

முத்துக்கருப்பன் சேரிடம் கணக்குப் படித்தவர்கள் அப்புத்தளையிலிருந்து மடுல்சீமை வரை இருக்கிறீர்கள். அவருடைய கோபத்தையும், சுண்ணக்கட்டி எறிந்தால் குறி தப்பாத கையையும் பற்றி நீங்களே நிறையச் சொல்வீர்கள். ஒரே பாடசாலையில் அவரோடு பதினாறு வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

மனைவி தவறி, மகன் கட்டாருக்குப் போய், வீடு வெறிச்சென்று ஆன வருடத்தில் அவர் ஒரு பழைய காரை வாங்கினார். தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வைத்திருந்த வண்டி. எஞ்சின் பழுதில்லை, உடம்பெல்லாம் துரு. கராஜுக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே பழைய பெயிண்டைச் சுரண்டி, குழிகளைப் பசை அப்பி அடைத்து, தேய்த்து, பிரைமர் பூசித் தயாராக்குவது, கடைசிப் பெயிண்டை மட்டும் ஆள் பிடித்து அடிப்பது என்பது அவர் திட்டம். "மூணு ஞாயித்துக்கெழம வேல மாஸ்டர்" என்று என்னையும் நானாவையும் கூப்பிட்டார். அந்த மூன்று ஞாயிறு மூன்று வருடம் ஓடியது.

ஒன்பது மணிக்குப் போவோம். வாளியில் ஊறிய வாட்டர் பேப்பரை, அந்தச் சொரசொரப்பான தேய்ப்புத் தாளை, ஆளுக்கொரு துண்டாகக் கிழித்துத் தருவார். தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்ப்போம். சாம்பல் நிறச் சேறு முழங்கைவரை வழியும். நானா தன் வீட்டிலேயே அறுத்த கோழி கொண்டுவருவார். சேர் ரொட்டி சுட்டு, கட்டைச்சம்பல் இடிப்பார். பேச்சு அரசியலில் தொடங்கி, யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு மோசம் என்பதில் முடியும். நானாவை அவர் கிண்டல் பண்ணாத நாளில்லை. "இவரு யாவாரத்துல மட்டுந்தான் கெட்டி, தேய்க்கிறதுல சோம்பேறி" என்பார்.

பின்னேரம் வேலையை அவர் பரிசோதிப்பார். கண்ணை மூடி, உள்ளங்கையைத் தகரத்தின்மேல் மெதுவாக ஓட்டுவார். "கண்ண நம்பாதீங்க மாஸ்டர், கண்ணு பொய் சொல்லும், கையி சொல்லாது" என்பது அவருடைய வேதம். ஒவ்வொரு வாரமும் மேடுபள்ளம் தட்டியதுபோல் எங்காவது ஓரிடத்தில் கை நின்றுவிடும். "இன்னும் ஒரு அலை இருக்கு. அடுத்த வாரம் பாப்போம்." நானும் தடவிப் பார்ப்பேன், எனக்கு எதுவும் தட்டுப்படாது. அலை இல்லாத வாரத்தில் பனி இருக்கும். ஈரம் குடித்த பிரைமர்மேல் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் வரும் என்று மறுபடி எல்லாவற்றையும் தேய்க்க வைப்பார். அப்புத்தளையில் பனி இல்லாத வாரம் ஏது?

எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது, மறைப்பானேன். ஒரு மனிதருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று மனைவியிடம் புலம்பினேன். அப்போதுதான் அவர் கண் ஆப்பரேஷனுக்காகப் பதுளைக்குப் போய், தங்கை வீட்டில் இரண்டு வாரம் தங்கினார். நல்ல வெயில் காலம். திரும்பி வரும்போது அவருக்கு ஆச்சரியம் கொடுப்போம் என்று நான்தான் நானாவைத் தூண்டினேன். பெயிண்ட்காரர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தோம். இரண்டே நாளில் கார் கருநீலத்தில் மின்னியது.

சேர் வந்து இறங்கியதும் நான் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வாசலில் நின்றேன். அவர் காரைச் சுற்றி வந்தார். கண்ணை மூடினார். பொனட்டிலிருந்து பின்பக்கம்வரை கையை ஓட்டினார். கை எங்கும் நிற்கவில்லை.

"நல்லா இருக்கு மாஸ்டர். அலையே இல்ல" என்றார். பிறகு தேத்தண்ணி போட உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கு அப்படியொரு புத்தி.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. போய் என்ன செய்வது, வேலைதான் முடிந்துவிட்டதே. நானாவும் ஞாயிற்றுக்கிழமையிலும் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை நான் புரிந்துகொள்ள ஒரு சாவு வேண்டியிருந்தது. அந்த மனிதர் மூன்று வருடமாகக் காரையா தேய்த்தார்? நாங்கள் அடுத்த வாரமும் வரவேண்டும் என்று, இல்லாத அலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து, இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, அவரே எனக்குப் போன் பண்ணினார். "பின்கதவுல ஒரு கீறல் விழுந்துருச்சு மாஸ்டர். ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா ரெண்டு பேருமா தேச்சுரலாம்."

"இந்த ஞாயிறு கொஞ்சம் வேல இருக்கு சேர். சின்னக் கீறல்தானே, யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"ஆமா, அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

செத்த வீட்டில் கூட்டத்தோடு நிற்க முடியாமல் காரடிக்குப் போனேன். விரல் நீளக் கீறல் ஒன்றுக்காகப் பின்கதவு முழுவதையும் பிரைமர் தெரியத் தேய்த்து, கண்ணாடியைச் சுற்றிப் பத்திரிகைத் தாள் ஒட்டி வைத்திருந்தார். தனியாகவே செய்திருக்கிறார். நானா பின்னாலேயே வந்து நின்றார்.

"ஒங்களுக்குப் போன் பண்ணின அண்டைக்குக் காலையில கடைக்கு வந்தாரு. ரெண்டு வாட்டர் பேப்பர் தாள் எடுத்தாரு. ஒண்டு போதுமே சேர் எண்டேன். மத்தது மாஸ்டருக்கு எண்டு சொன்னாரு."

காரின் முன் ஆசனத்தில் அந்த இரண்டாவது தாள் தண்ணீர் படாமல், மடிப்புக் கலையாமல் இருந்தது. கட்டாரிலிருந்து வந்திருந்த மகனிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன்.