மூன்றாவது ஆன்டெனா

பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். நாற்பத்தொரு வயதில் பரீட்சை எழுதி, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் நாற்பது நிமிடம் யாரிடமாவது பேச வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இதில் சேர்த்துவிட்டவர் அண்ணன். ரேடியோ குழுவுக்கு அவர்தான் செயலாளர். முதல் ஆன்டெனாவும் அவர் தேர்வுதான்: காந்த அடி வைத்த ஒரு முழக் குச்சி.

"ரெண்டு அலைவரிசையிலயும் வேலை செய்யும். புதுசா வர்றவங்களுக்கு இது போதும். குழு பேசுறது கீழ் அலைவரிசையில. மேல ஒண்ணு இருக்கு, அங்க ஈ காக்கா இருக்காது."

அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை.

"கேக்குதாண்ணே?" என்று போனில் கேட்டாள்.

"கொரகொரன்னு வருது, ஒண்ணும் புரியலை. குச்சி குட்டை."

இரண்டாவது, ஒரு மீட்டர் நீளம். பள்ளி வாசல் வளைவில் தினமும் 'டங்' என்று இடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பதில் மட்டும் வரவில்லை.

"காந்தம் பத்தாது. கூரையில ஓட்டை போட்டுத் திருகணும்," என்றார் அண்ணன்.

கடனில் வாங்கிய வண்டி. கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்கண்ணன் சொன்னா எதையும் செய்வியா?"

செய்தாள். துளைக்கருவியை இரவல் வாங்கி அவளே போட்டாள். மூன்றாவது ஆன்டெனாவுக்கு, பொருத்தம் சரியா என்று காட்டும் மீட்டரின் முள் சரியான இடத்தில் அசையாமல் நின்றது. அப்போதும் பதில் இல்லை. ஆனாலும் தினமும் பேசினாள். என்றாவது ஒருவர் காதில் விழாதா?

ஒரு செவ்வாய்க்கிழமை பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் வராதீர்கள் என்று மூன்று முறை சொன்னாள்.

ஞாயிறு காலை குழுக் கூட்டம். அவள் கதவைத் தள்ளியபோது மருந்துக்கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை, பாலத்துல மாட்டலை. செயலாளரோட தங்கச்சி ரேடியோல சொல்லுச்சு, நான் தப்பிச்சேன்."

பிறகுதான் அவளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "எப்போலேர்ந்து கேக்குது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை.

"மொதல் குச்சிலேர்ந்தே."

"எல்லாருக்குமா?"

"நீ மூச்சு விடாம பேசுறே. ஒரு தடவை பதில் சொன்னா அப்புறம் நீ ஆளை விடமாட்டேன்னு இவங்க சொன்னாங்க. அதை எப்படி உங்கிட்ட சொல்றது? மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"அதுக்கு வண்டியில ஓட்டை போட வச்சியா?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, மேல் அலைவரிசைக்குத் திருப்பினாள். கூப்பிட்டாள். நான்காம் முறை ஒரு குரல் வந்தது. வேற்றூர்க்காரர், பம்பு மெக்கானிக், இந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறாராம்.

"பக்கத்து சீட்ல உட்கார்ந்து பேசுற மாதிரி கேக்குதும்மா."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. என் வண்டியில பதினேழு சீட்டு. பின்கதவு சரியா சாத்தாது."

"உங்க வண்டியில பதினேழு சீட்டு. பின்கதவு சரியா சாத்தாது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னம்மா, பரிட்சையா?" என்று சிரித்தார்.

"ஆமாங்க," என்றாள். அவள் சிரிக்கவில்லை.