மங்கை வீட்டு இடிச்சாமி

ராயபுரம் மீனவர் சந்தில் முத்தம்மாவுக்கு எதிர்வீட்டு மங்கையைக் கண்டாலே வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? மங்கையின் புருஷன் ரகுபதி வலை வீசினால் கூடை நிறையும்; முத்தம்மாவின் புருஷன் திருமலை வீசினால் பாசிதான் வரும். போதாக்குறைக்கு ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அந்த வீட்டுக்குச் சாமி வேறு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து முத்தம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கொண்டுவந்தவன் கப்பல் கலாசி பக்ருதீன், ரகுபதியின் தோஸ்து. துருக்கித் துறைமுகத்தில் வாங்கிய செப்புப் பொம்மை. காளை மேல் ஓர் ஆள் நிற்கிறான். ஒரு கையில் கோடாலி, மறு கையில் மின்னல்.

"அந்தக் காலத்துல அங்க ஹிட்டைட்டுன்னு ஒரு ஜனம் இருந்துச்சாம். புயலு, இடி, மழை எல்லாத்துக்கும் அவுங்களுக்கு இதான் சாமி," என்றான் பக்ருதீன். "அடுத்த ஊரு சாமி வோணும்னா தேனு, எண்ணெ, மாவு வச்சு வழி போட்டு இஸ்துக்குவாங்களாம்!"

பொம்மையைப் பார்க்கக் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். முத்தம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் விடியலில் ஆண்கள் கட்டுமரம் ஏறியதும், முத்தம்மா மங்கையின் வாசலிலிருந்து தன் வாசல்வரை எண்ணெயும் மாவும் வைத்துக் கோடு போட்டாள். தேனுக்கு எங்கே போவாள்? வெல்லப்பாகை ஊற்றினாள். "வா நைனா, அவ வூட்ல இன்னா கீது? எங்கூட்டுக்கு வா." கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வரிசை கட்டி அவள் வீட்டுக்குள் நுழைந்தன. சாமி பரிவாரத்தோடு வருகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மதியம் புயல் அடித்தது. திருமலை தப்பிக் கரை சேர்ந்தான். ரகுபதி வரவில்லை.

பாவி மனசு, ஒரு கணம் பூரித்துப் போனது. சாமி நம் பக்கம்! ஆனால் மங்கை மணலில் விழுந்து அலறியதைப் பார்த்ததும் முத்தம்மா வீட்டுக்கு ஓடினாள். கொட்டுகிற மழையில் தன் வாசலிலிருந்து மங்கை வாசலுக்கு மாவைத் தூவினாள். தூவத் தூவக் கரைந்தது. "போ சாமி, அவ வூட்டுக்கே போயிடு!"

சாயங்காலம், எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கிய ரகுபதி நடந்தே வந்து சேர்ந்தான். முத்தம்மா மங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

மங்கை உள்ளே போனாள். மாடத்தை விட்டு அசையாமல் இருந்த பொம்மையை எடுத்து வந்து அவள் மடியில் போட்டாள்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? வாயத் தொறந்து கேட்டா குடுத்துருக்க மாட்டனா? நீயே வச்சுக்கக்கா. என் ஆளு வந்துட்டான், எனுக்கு அது போதும்."

முத்தம்மா சாமியை வீட்டில் வைத்து விளக்கேற்றினாள். அன்றும் சோறு இறங்கவில்லை. இப்படித் தூக்கிக் கொடுக்கிற மனசு மங்கைக்கு மட்டும் ஏன் வாய்த்தது என்று வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அந்த மனசை இழுக்க எந்த மாவைத் தூவுவது?