அமெரிக்க வாய்க்கு நாவலூர்க் காவல்

வலது கையில் இட்லி, இடது கை ஆள்காட்டி விரல் சிவப்புப் பொட்டின் மேல். ரஞ்சிதா நாஸ்தா சாப்பிடுவது இப்படித்தான். அந்தப் பொட்டு நெற்றியில் இல்லை. கம்ப்யூட்டர் கீபோர்டில், மேல் வரிசையில் ஒரு விசைமேல் ஒட்டியிருக்கிறது. காதில் பெரிய ஹெட்போன். திரையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். திடீரென்று இட்லி பாதி வழியில் நிற்கும். விரல் ஒரு அமுக்கு அமுக்கும். பிறகு இட்லி வாய்க்குப் போகும். “இன்னாமா சொன்னான்?” என்று கேட்டால், “உன் வயசுக்கு ஆவாது நைனா” என்பாள். எனக்கு வயது எழுபத்திரண்டு.

நாவலூரில் அவள் உட்கார்ந்திருக்கிற மூன்றாவது மாடி என்னுடையது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தலையில் செங்கல் சுமந்தேன், பிறகு செங்கல் சுமக்க ஆள் வைத்தேன், பிறகு நானே நான்கு மாடி எழுப்பினேன். இந்தச் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் என் கட்டடத்தின் அஸ்திவாரத்தை வந்து பார்க்க வேண்டும். நிற்கட்டும், இது ரஞ்சிதாவைப் பற்றிய கதை. தினமும் காலையில் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது அவள் அலுவலகத்தில் ஐந்து நிமிடம் நிற்பேன். அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆகும்.

அவள் வேலை என்னவென்று எனக்கு விளங்கவே ஒரு மாதம் ஆனது. அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். நாடு, குடும்பம், கோயில் என்று பேசுகிற பிள்ளைகள். டிவியிலும் சினிமாவிலும் வருகிற ஆட்டமும் பேச்சும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தாங்கள் கும்பிடுவதையெல்லாம் கேலி செய்கிறார்கள் என்று கோபம். அதனால் சொந்தமாக ஒரு சேனல் ஆரம்பித்து, பாட்டு, நகைச்சுவை, கல்லூரி வாதம் என்று நடத்துகிறார்கள். எனக்கு அவர்கள் அரசியல் தெரியாது. ஆனால் எதிர்க் கடை டீ பிடிக்கவில்லை என்று தெருவில் நின்று கத்தாமல் தானே ஒரு கடை போட்டான் பாருங்கள், அந்தப் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் அப்படி வந்தவன்தான்.

குழந்தை குட்டியோடு பார்க்கிற சேனல் என்பதால் அதில் ஒரு கெட்ட வார்த்தை வரக்கூடாது. அதற்குத்தான் ரஞ்சிதா. பதிவு செய்த நிகழ்ச்சி இங்கே வரும். அவளும் நிதின், தாவீது என்ற இரண்டு பையன்களும் கேட்டு, கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் சத்தத்தை அமுக்கித் திருப்பி அனுப்புவார்கள். அமுக்க வேண்டிய வார்த்தைகளுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பட்டியல் வந்தது, இருநூற்றுப் பதினான்கு வார்த்தைகள். ரஞ்சிதா படித்துப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா?” என்றாளாம். அவள் சேர்த்துக் கொடுத்த முப்பத்தொன்றையும் அவர்கள் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டார்கள்.

அவளுக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் காலையில் அவள் ஸ்கூட்டரைப் பார்க்க வேண்டும். வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். ஸ்கூட்டரில் முன்னால் ஐஸ் பெட்டி, பின்னால் அம்மா சாந்தா. அம்மாவைக் கோவளம் மீன் கடையில் இறக்கிவிட்டு இங்கே வருகிறாள். வழியில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே வந்தால் போதும், அந்த அம்மாளின் வாயிலிருந்து வருவதைக் கேட்டு லாரிக்காரன் தானாக ஓரம் கட்டுவான். “எங்கம்மாவுக்கு ஒரு பட்டன் வச்சா, வெரலு தேஞ்சிடும் நைனா” என்று சிரிப்பாள். இங்கிலீஷ் படித்தது கடற்கரையில். பத்து வயதிலிருந்து வெள்ளைக்காரர்களிடம் சங்கு மாலை விற்றிருக்கிறாள். வாங்காமல் போகிறவன் முணுமுணுத்துக்கொண்டு போவதையெல்லாம் அர்த்தம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாளாம். கல்லூரிக்குப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவளிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் கல்லூரி வாசலில் மேசை போட்டு, “வா, என்னோடு வாதாடு” என்று உட்காருவார்கள். எதிர்க்கருத்துக்காரப் பையன் ஒருவன் வந்து மடக்கு மடக்கென்று மடக்கினான். நடுவில் சூட்டில் ஒரு கெட்ட வார்த்தையும் விட்டான். “அக்கா, ஓவரா போறான், முழுசா அமுக்கிடலாமா?” என்று தாவீது கேட்டான்.

“ஏன்டா, வார்த்தைக்குத்தான் நாம காவலு. அவன் நல்லாப் பேசுனான்னு வாய அடச்சா அப்புறம் நா இன்னா ஆளு? ஒரு வார்த்தை, அத்த மட்டும் எடு.”

எடுத்தார்கள். மீதி அப்படியே போனது.

சென்ற பிப்ரவரியில் பெரிய வேலை ஒன்று வந்தது. அங்கே ஃபுட்பால் இறுதி ஆட்டம். அவர்கள் ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, அது அவர்கள் இஷ்டம். ஆட்டத்தின் இடைவேளையில் பெரிய நட்சத்திரங்கள் ஆடிப் பாடுவார்களாம்; ஊரே பார்க்குமாம். அதே நேரத்தில் இந்தப் பிள்ளைகள் வேறொரு மைதானத்தில் தங்கள் நிகழ்ச்சியை நேரடியாகக் காட்டப் போகிறார்கள். நமக்குத் திங்கட்கிழமை காலை ஆறரை மணி. நேரடி என்றாலும் சத்தம் முதலில் ரஞ்சிதாவின் காதுக்கு வரும். இருபது விநாடி கழித்துத்தான் ஜனங்களுக்குப் போகும். அந்த இருபது விநாடிக்குள் பொட்டை அமுக்கிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தின் தலைவன் டிராவிஸ், இருபத்து மூன்று வயதுப் பையன், முன்கூட்டியே சொல்லிவிட்டான்: ஒரு வார்த்தை தப்பிப் போனாலும் உங்களோடு ஒப்பந்தம் அவ்வளவுதான். மூன்று பேருக்கும் அந்த ஒரு ஒப்பந்தம்தான் சோறு.

அன்று தொட்டி நிரம்பியதும் நானும் போய் நின்றேன். எடுத்த எடுப்பில் மேடையில் ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாட ஆரம்பித்தது. அவர்கள் தேசிய கீதம். பதிவு செய்து வருகிற நிகழ்ச்சிகளில் அது வருவதில்லை. இதுதான் முதல் தடவை.

ரஞ்சிதா எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி, கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றாள். அவள் எழுந்ததைப் பார்த்துத் தாவீது எழுந்தான். அறையின் மறுகோடியில் இருந்த நிதினும் எழுந்தான். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நம் பாட்டு ஐம்பத்திரண்டு விநாடி. அவர்கள் பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் அந்தப் பெண்ணுக்கு அடி மறந்துவிட்டது. முகம் வெளுத்து, தன்னையே நொந்துகொண்டு, மைக்கில் ஒரு வார்த்தை சொன்னது. அர்த்தம் சொல்ல நிதின் இன்றுவரை மறுக்கிறான்.

“அக்கா!” என்றான் நிதின். ரஞ்சிதா அசையவில்லை.

“அக்கா, அமுக்கு! அக்கா!”

கேட்கிறது என்பது அவள் கண்ணில் தெரிந்தது. விரல் கூடத் துடித்தது. ஆனால் கை தொடையை விட்டு வரவில்லை. மேடைக்குக் கீழே கூட்டம் அந்தப் பெண் மறந்த அடியை எடுத்துப் பாட ஆரம்பித்தது; அதுவும் அழுதுகொண்டே சேர்ந்துகொண்டது. அவளே அமுக்கிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்த நிதின் அப்புறம்தான் இரண்டு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பொட்டைக் குத்தினான். இருபது விநாடி தாண்டிவிட்டது. அமெரிக்காவில் எத்தனையோ வீட்டில் குழந்தைகள் ஒரு புது வார்த்தை கற்றுக்கொண்டார்கள்.

பாட்டு முடிந்ததும்தான் உட்கார்ந்தாள். மிச்ச நிகழ்ச்சி முழுவதும் பொட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. முடிந்தவுடன் டிராவிஸிடமிருந்து ஒரே வரியில் கேள்வி வந்தது: என்ன நடந்தது?

“நெட் போச்சுன்னு எழுதிடலாம்க்கா. எல்லாரும் அதான் சொல்வாங்க” என்றான் நிதின். அப்பா கல்பாக்கத்தில் வேலை, நல்ல வளர்ப்பு, ஆனாலும் பயம். நானும் அதையேதான் சொன்னேன். சிமெண்ட் லாரி வரவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லி இந்தக் கட்டடத்தை முடித்தேன்!

“நெட்டு நல்லாத்தான் கீது நைனா. நாந்தான் நின்னுகினு இருந்தேன்” என்றாள். அடுத்த நிமிடம் வீடியோவில் டிராவிஸையே கூப்பிட்டுவிட்டாள்.

திரையில் அவன் வந்தான். தூங்காத கண், கழுத்தில் தளர்ந்த டை. ரஞ்சிதா கடற்கரை இங்கிலீஷில் கடகடவென்று பேச, நிதின் என் காதில் தமிழில் சொன்னான். உன் நாட்டுப் பாட்டு ஓடியது, நான் எழுந்து நின்றேன், கையை அசைக்கவில்லை, தப்பு என்னுடையது. அவன், நீ அமெரிக்கக்காரி இல்லையே, உனக்கு என்ன என்றான். நீ எங்கள் ஊருக்கு வந்து எங்கள் பாட்டு ஓடும்போது உட்கார்ந்திருப்பாயா என்று இவள் கேட்டாள். அவன் பின்னால் திரும்பித் தன் அறையைப் பார்த்தான். அங்கே ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஓடியபோதும் வேலையாக உட்கார்ந்துதான் இருந்திருப்பார்கள்.

அடுத்த தடவை உட்கார்வாயா என்று கேட்டான். மாட்டேன், அந்தப் பாட்டுக்கு மட்டும் வேறு ஆள் பார்த்துக்கொள் என்றாள். இதைச் சொல்லும்போது நிதினுக்குத் தமிழே வரவில்லை. சொல்லி அனுப்புகிறேன் என்று டிராவிஸ் துண்டித்துவிட்டான்.

“இன்னாக்கா, சோத்துல மண்ண வாரிப் போட்டுட்டியே” என்றான் தாவீது.

“இருடா. வேல போச்சுன்னா ஐஸ் பெட்டி கீது. எங்கம்மா கூட உக்காந்து மீன் கூவு. உன் தொண்டைக்கு நெத்திலிதான் சரி.”

சிரித்தாள்தான். ஆனால் ஆறு நாள் அமெரிக்காவிலிருந்து புதிதாக ஒரு நிகழ்ச்சியும் வரவில்லை. வேலை இல்லாமலே காலை ஆறு மணிக்கு வந்து, பழைய பதிவுகளை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இட்லியை இரண்டு கையாலும் சாப்பிட்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் இரண்டு நாள் மூன்றாவது மாடியில் நிற்காமலே இறங்கிவிட்டேன்.

ஏழாம் நாள் கடிதம் வந்தது. ஒப்பந்தம் அப்படியே இருக்கும். தப்பிப்போன வார்த்தைக்காகச் சேனல் மன்னிப்புக் கேட்டுவிட்டது. இனி நேரடி நிகழ்ச்சிகளில் தேசிய கீதம் ஓடும்போது மட்டும் விசை அமெரிக்காவில் இருக்கும். பாட்டு முடிந்ததும் நாவலூருக்கு வரும். அங்கே மற்ற எல்லோருக்கும் அந்த நேரத்தில் கை நிறைய வேலை என்பதால் அதை அமுக்க டிராவிஸே உட்காருவான்.

ஏப்ரலில் ஒரு கல்லூரி மைதானத்திலிருந்து அடுத்த நேரடி நிகழ்ச்சி வந்தது. திரையின் பெரிய பாதியில் மேடை, மூலையில் சின்னக் கட்டத்தில் டிராவிஸ், இடது கை விசையில், வலது கை நெஞ்சில். பாட்டு ஆரம்பித்தது. ரஞ்சிதா எழுந்தாள், பையன்கள் எழுந்தார்கள். மூலைக் கட்டத்தில் அவன் இவர்களைப் பார்த்தான், நாற்காலியில் நெளிந்தான், இடுப்பு மெல்ல மேலே எழும்ப, விசையிலிருந்து விரல் விலகியது.

விறைத்து நின்ற ரஞ்சிதா கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. தொடையோடு ஒட்டியிருந்த உள்ளங்கையை மட்டும் தரையைப் பார்த்துத் திருப்பி, இரண்டு தரம் மெல்லக் கீழே அமுக்கினாள். உட்காரு, உட்காரு.