சிவப்பு அட்டையும் எங்கள் வைபியும்

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் பதினொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். மலேசியாவின் ஜோகூரில், ஒரு கடைவீட்டின் மாடியில் அந்த அலுவலகம். உறுப்பினரை எல்லாரும் 'வைபி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் எதிர்க்கட்சியில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார். காஹாங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியாமல் விட்டதால் அறுபது வயதிலும் கையில் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லை. நாலு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. வைபி அவருக்காக நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டிப் பேசினார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த தேர்தலில் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. வைபி அமைச்சரானார். அந்த அம்மா கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார்.

"இனிமே என்னம்மா கவலை? நம்ம வைபியே மந்திரி ஆயிட்டாரு லா!" என்றார்.

அரசாங்கத் தலைமையகமான புத்ராஜெயாவுக்கு ஏழு கடிதம் அனுப்பினேன். ஏழுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில். வைபி தொகுதிக்கு வந்தால் ரிப்பன் வெட்டுவார், படம் எடுத்துக்கொள்வார், காரில் ஏறிவிடுவார். ஒருமுறை கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"அது என் அமைச்சு இல்லமா. அதுக்கு ஒரு புரோசஸ் இருக்கு."

குடியுரிமையைக் கவனிக்கும் உள்துறை அமைச்சர் வாராவாரம் அமைச்சரவையில் இவரோடு ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். மாதாமாதம் படியேறி வரும் அம்மாவிடம் "சீக்கிரம் வந்துரும்" என்று பொய் சொன்னவள் நான்.

ஆட்சி கவிழ்ந்தது. பதவி போன மறுவாரமே வைபி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தச் சிவப்பு ஐசி பைலை எடுங்க. திங்கக்கிழமை சபையில கேள்வி கேக்கணும்."

எனக்கு வந்ததே கோபம். "பதில் சொல்ற இடத்துல இருந்தப்ப சும்மா இருந்தீங்க வைபி. இப்ப யாரைக் கேக்கப் போறீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மந்திரியா இருக்கறப்ப எல்லாத்தையும் பேச முடியாதுமா. உங்களுக்குப் புரியாது."

பைலைக் கொடுத்தேன். பேசினார். வீடியோ எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. அந்த அம்மாவும் பார்த்துவிட்டு வந்தார்.

"அலமாக், என்னமா பேசுறாரு!" என்று மூச்சு வாங்கச் சொன்னார். அவருக்குக் கோபமே வராதது என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

அன்று மதியம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு நானே அவரைப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போனேன். ஐந்தாவது விண்ணப்பம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாங்கிக்கொண்ட அதிகாரி காத்திருக்கச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் நான் வேலையை விட்டேன். வைபி மறுபடியும் போட்டியிட்டு ஜெயித்தார். அந்த அம்மாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.