மேடைக்கு ஒருத்தர்தான்

எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கினா வயிறு எரியறவன் இருக்கான். கூடப்பொறந்தவன் மாடி கட்டினா வயிறு எரியறவனும் இருக்கான். எனக்கு எரிஞ்சது என் பொண்டாட்டியப் பாத்து. நகைக்கோ புடவைக்கோ இல்லங்க. பள்ளிக்கூடத்துல டீச்சருங்க அவளப் பாத்தா எந்திரிச்சு நின்னு "வாங்கம்மா"ங்கறாங்க. என்னைப் பாத்தா "ஆட்டோவ கேட்டுக்கு வெளிய நிறுத்துங்க"ங்கறாங்க. அதுக்குத்தான்.

நான் படிக்காதவன். மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்னு சொல்லுவாங்கல்ல, அத என்னைப் பாத்துத்தான் சொல்லிருக்கணும். மழை வந்தா நான் டீக்கடைலதான் ஒதுங்குவேன். இதக்கூட நான் எழுதல. போன்ல பேசறேன், அதுவா எழுதிக்குது. என்னை விட அது நிறைய படிச்சிருக்கும்போல.

ஸ்ரீரங்கத்துல ஒரு சந்துல வாடகை வீடு. நான் ஆட்டோ ஓட்டறேன். அவ மலைக்கோட்டைக்குக் கீழ ஒரு ஜவுளிக்கடைல சேல்ஸ். ஒரே பொண்ணு, எட்டாவது, பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல்.

ஒருநாள் சாயங்காலம் ஹெச்எம் டீச்சர் போன் பண்ணாங்க. என் பொண்டாட்டி நம்பருக்குத்தான். அவ ஸ்பீக்கர்ல போட்டா.

"அறிவியல் கண்காட்சியில நம்ம பிள்ளைக்கு மாவட்டத்துலயே முதல் பரிசும்மா! உங்களாலதாம்மா."

நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். "வீட்டுக்காரரும் இருக்காரு டீச்சர்"னா இவ. "அப்படியா, அவருக்கும் சொல்லிடுங்க"ன்னுட்டு வச்சிட்டாங்க.

பரிசு எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. அழுகின தக்காளிக்கு. மார்க்கெட் கழிவு, மாட்டுச்சாணி, தண்ணி எல்லாத்தையும் ஒரு டிரம்முல போட்டு மூடி வச்சா கேஸ் வருமாம், அதுல அடுப்பு எரியுமாம். பொண்ணு புத்தகத்துல படிச்சிட்டு வந்து அம்மாகிட்டச் சொல்லிருக்கா. என்கிட்டச் சொல்லல. சொன்னாலும் நான் என்ன பண்ணிருப்பேன்னு அவளுக்குத் தெரியும்.

டிரம்ம வீட்டுப் பின்னாடி வச்சாங்க. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். பக்கத்து வீட்டு மாமி மூக்கப் பொத்திக்கிட்டு, "ஏன்னா, எலி கிலி செத்துக் கெடக்கறதோ பாருங்கோ"ன்னு அவங்க வீட்டுக்காரர விரட்டிட்டிருந்தாங்க. நான் ஒருநாள், "இத இன்னைக்கே தூக்கிக் கொள்ளிடத்துல போடறேன் பாரு"ன்னு கத்தினேன். இவ டிரம்முக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டா. "முதல்ல என்னைத் தூக்கிப் போடுங்க"ன்னா. அவளத் தூக்கற தெம்பு எனக்கு ஏது? விட்டுட்டேன்.

காந்தி மார்க்கெட்டுலேந்து கழிவு கொண்டாரணும், ஆட்டோல ஒரு நடை வாங்கன்னு கேட்டா. "சவாரி வர்றவங்க சீட்டுல உக்காருவாங்களா? போடி"ன்னுட்டேன். கடை முடிஞ்சதும் அவளே மார்க்கெட்டுக்குப் போயி, மூட்டைய பஸ்ஸுல ஏத்தி, கண்டக்டர்கிட்டத் திட்டு வாங்கி, காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டாந்தா. தெருவுல மாடு நிக்கிற இடமெல்லாம் அம்மாவும் பொண்ணும் வாளியோட நின்னாங்க. கேஸ் பிடிச்சு வைக்க என்னோட பழைய டயர் டியூபையும் கேக்காமலே எடுத்துட்டாங்க. அதுக்கும் ஒரு சண்டை போட்டேன்.

ஆனா பரிசுன்னதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? நேரா ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போயி, "நம்ம பொண்ணு மாவட்டத்துல ஃபர்ஸ்டுப்பா! டியூபு நம்மளதுதான்"ன்னு டீ வாங்கிக் குடுத்தேன். ஸ்கூல்ல விழா வைக்கிறாங்க, பெரிய ஆபீசர் வர்றாரு, பொண்ணுகூட நான் மேடை ஏறப்போறேன்னும் அடிச்சு விட்டேன்.

அப்புறம்தான் சேதி வந்துச்சு. மேடை சின்னது, ஒரு பிள்ளைக்கு ஒருத்தர்தான் ஏறலாமாம். அம்மாவோ அப்பாவோ.

"யாருடா கண்ணு வரணும்?"னு பொண்ணக் கேட்டேன். ரொம்ப சாதாரணமா கேக்கற மாதிரிதான் கேட்டேன்.

புத்தகத்துலேந்து தலையத் தூக்காமயே சொன்னா, "அம்மா."

"ஏன், அப்பா வந்தா என்ன?"

"நீ எதுக்குப்பா?"

நியாயமான கேள்விதான். அதான் தாங்க முடியல. ஸ்டாண்டுல ஒருத்தன், "என்னண்ணே, மேடைக்குப் புதுச் சட்டை எடுத்தாச்சா?"ன்னு தினம் கேக்கறான். வீட்டுல இவ சத்தமில்லாம ஜாக்கெட்டுக்குக் கை தச்சிட்டிருக்கா. அந்த ஊசி துணியில இறங்கல, என் நெஞ்சுல இறங்குச்சு.

சரி, நாமளும் பள்ளிக்கூடம் போயி நல்ல பேரு வாங்கிடுவோம்னு முடிவு பண்ணேன். சனிக்கிழமை பெத்தவங்க கூட்டம். "உனக்குக் கடை இருக்கு, நான் போறேன்"னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாக்காத குறை.

கல்யாணத்துக்கு எடுத்த சட்டையப் போட்டுட்டுப் போனேன். வயித்துக்கிட்ட பட்டன் கெஞ்சுச்சு. ஒரு வகுப்புல பொம்பளைங்களா உக்காந்திருந்தாங்க, நானும் நுழைஞ்சேன். பிள்ளைங்க உக்கார்ற இடத்துலதான் பெத்தவங்க உக்காரணுமாம். எம்பொண்ணு எங்க உக்காருவான்னு எனக்கு என்ன தெரியும்? காலியா இருந்த ஒரு பெஞ்சுல உடம்பச் சொருகினேன். டீச்சர் ஒவ்வொருத்தராப் பேசிட்டு என்கிட்ட வந்தாங்க.

"பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா கிளாஸ்ல தூங்குறா."

"போன்தான் டீச்சர் காரணம். இன்னைக்கே பிடுங்கிடறேன்."

"பக்கத்துப் பிள்ளையக் கிள்ளி வைக்கிறா."

"அது அவங்கம்மா வீட்டுப் பழக்கம் டீச்சர். எங்க பரம்பரைல அது கெடையாது."

அப்ப ஒரு அம்மா மூச்சு வாங்க உள்ள வந்தாங்க. "ஸாரி டீச்சர், பஸ் லேட்டு"ன்னு சொல்லிட்டு என் பெஞ்சப் பாத்தாங்க. "அண்ணே, இது என் பொண்ணு இடமாச்சே. உங்க பொண்ணு எந்த கிளாஸ்?"

"எட்டாவது."

"இது ஏழாவதுண்ணே!"

அந்த ரூமே சிரிச்சுச்சு. நான் எந்திரிக்கப் பாத்தேன், பெஞ்சு விடல. சத்தம் கேட்டு ஹெச்எம் டீச்சரே வந்துட்டாங்க. விஷயத்தக் கேட்டுட்டு, அவங்களும் சிரிப்ப அடக்கிக்கிட்டு, "சிரிக்காதீங்கம்மா. தப்பான கிளாசுக்காவது ஒரு அப்பா வந்திருக்காரே"ன்னாங்க.

சொல்லிட்டு அவங்களே யோசிச்சாங்க. கூட்டம்னா அம்மாங்கதான் வர்றாங்க, அப்பாங்க தலையே காட்டறதில்ல. விழாவுல இந்தத் தடவை அப்பாங்கள மேடை ஏத்தினா என்ன, அதப் பாத்தாவது நாலு பேரு வருவாங்கல்லன்னு கேட்டாங்க. அவங்க முடிக்கறதுக்குள்ள, "அருமையான யோசனை டீச்சர்"னு நான் பெஞ்சோட எந்திரிச்சிட்டேன். ஒண்ணும் செய்யாதவனுக்கு மரியாதை குடுத்து வேலை வாங்கறதுன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுல சொன்னேன். இவ, "யாரு நின்னா என்ன, பிள்ளைக்குத்தான பரிசு"ன்னா. சாம்பார என் தட்டுல கொஞ்சம் வேகமா ஊத்தினா, அவ்வளவுதான். பொண்ணுதான், "ப்பா, மேடைல நீ வாயவே தொறக்கக்கூடாது"ன்னு கண்டிஷன் போட்டா.

விழா அன்னைக்கு கிரவுண்டுல பந்தல், சேரு, மைக்கு. ஸ்டாண்டுலேந்து ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து முன்வரிசைல உக்கார வச்சிருந்தேன். இவ பின்னாடி தண்ணி கேன் பக்கத்துல நின்னு, வர்றவங்களுக்கு டம்ளர் குடுத்துட்டிருந்தா. தச்ச ஜாக்கெட்டத்தான் போட்டிருந்தா.

எங்களக் கூப்பிட்டாங்க. நெஞ்ச நிமித்திட்டு ஏறினேன். ஆபீசர் பொண்ணுகிட்ட மைக்கக் குடுத்து, "எப்படிம்மா செஞ்சே?"ன்னாரு.

அவ என்னைப் பாக்கல, ஆபீசரப் பாக்கல, போட்டோ எடுக்கறவர்கூட "இங்க பாரும்மா"ன்னு கத்தறாரு, அவரையும் பாக்கல. நேரா பந்தல் கடைசியப் பாத்துச் சொன்னா: "எங்கம்மா வேலை முடிஞ்சு மார்க்கெட்டுக்குப் போயி கழிவு எடுத்துட்டு வருவாங்க. பஸ்ஸுல எல்லாரும் திட்டுவாங்க. எனக்குப் பாடம் புரியலன்னா, அவங்களுக்கும் புரியாது, ஆனா எனக்குப் புரியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க."

பந்தலே பின்னாடி திரும்பிக் கை தட்டுச்சு. நான் கூட்டிட்டு வந்த ரெண்டு பேரும் திரும்பித் தட்டறானுங்க. மேடைல நிக்கிற எனக்கு எல்லாரோட பின்மண்டைதான் தெரியுது. தண்ணி கேன் பக்கத்துல இவ முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டு நிக்கிறா. சாணி அள்ளினவளுக்கு இப்படி ஒரு கைதட்டலா! எனக்கு எரிஞ்ச எரிச்சலுக்கு ஒரு குழாய் சொருகியிருந்தா எங்க சந்துல எல்லா வீட்டுலயும் சோறு வெந்திருக்கும்.

ஆபீசருக்கு என்மேல இரக்கம் வந்திருச்சு போல. "நீங்க என்ன உதவி பண்ணீங்க?"ன்னு மைக்க இந்தப் பக்கம் நீட்டினாரு.

வாயத் தொறக்கக்கூடாதுன்னு கண்டிஷன். கேட்டா பதில் சொல்லணுமே. "நான் மூக்கப் பொத்திக்கிட்டேன் சார்"னேன்.

பந்தல் குலுங்கிச் சிரிச்சுது. ஆபீசரும் சிரிச்சாரு. எம்பொண்ணுகூட, பல்லக் கடிச்சுட்டு, அப்புறம் சிரிச்சிட்டா. ஒரு நிமிஷம் எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. ஆனா பாருங்க, என் பொண்டாட்டிக்குத் தட்டினாங்க, எனக்குச் சிரிச்சாங்க. படிக்காதவன்தான், இருந்தாலும் ரெண்டுத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு முட்டாள் இல்ல.

ஷீல்ட எங்க ரெண்டு பேரு கையிலயும் சேத்துக் குடுத்தாங்க. நல்ல கனம். போட்டோ எடுத்ததும் பொண்ணு, "ப்பா, குடு"ன்னு என் கையிலேந்து உருவிக்கிட்டுக் கீழ இறங்கி, சேருங்களுக்கு நடுவுல பந்தல் கடைசிக்கு ஓடினா. அங்க அவங்கம்மா டம்ளரக் கீழ வச்சிட்டு, ஈரக்கைய ரெண்டு தடவை புடவைல துடைச்சிட்டுத்தான் அத வாங்கினா.

நான் மேடைலயே பாத்துட்டு நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. பின்னாடிலேந்து ஹெச்எம் டீச்சர் மெதுவா சொன்னாங்க: "கொஞ்சம் இறங்கறீங்களா சார், அடுத்த அப்பா ஏறணும்."