‘ஏன்’ என்று கேட்ட நாள்

தஞ்சாவூர் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு நான் எழுந்தால் பக்கத்து ஹாலிலிருந்தும் ஜூனியர்கள் வந்து நிற்பார்கள். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், உண்மை அதுதான். கூண்டில் நிற்பவரிடம் ‘ஏன்’ என்று மட்டும் கேட்கவே மாட்டேன். ஆமாம், இல்லை, அவ்வளவுதான் பதில். ‘ஏன்’ என்று கேட்டால் சாட்சி கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். அது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய்ச் சமரச மையத்தில் மத்தியஸ்தராகப் போட்டார்கள். கோர்ட் வளாகத்திலேயே புதிதாகத் திறந்த ஓர் அறை, ஒரு வட்ட மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள். பயிற்சிக்குப் போய் வந்திருந்தேனே தவிர, எனக்கு அதில் துளி நம்பிக்கை கிடையாது. பஞ்சாயத்து பண்ணக் கிளம்பிவிட்டீர்களா என்று சக வக்கீல்கள் கிண்டலடித்தார்கள்.

முதலில் வந்தது திருவையாறு பக்கத்து அண்ணன் தம்பி. அண்ணனுக்கு ஊரில் விவசாயம். தம்பிக்குச் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. தம்பி தன் பங்கில் கட்டிய வீட்டின் சுற்றுச்சுவர் அண்ணன் வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைத்துவிட்டது. சுவரை இடிக்க உத்தரவு கேட்டு அண்ணன் வழக்குப் போட்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்து ஊரே சம்பா நடவில் இருக்க, அவருடைய வயல் மட்டும் காய்ந்து கிடந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வழக்கு எத்தனை வருடமும் காத்திருக்கும், நாற்று காத்திருக்காது. அந்த வாரம் நடாவிட்டால் அவருக்கு அந்தப் போகமே இல்லை.

லீவில் வந்திருந்த தம்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார், அண்ணன் கதவைப் பார்த்து. நான் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன்: அங்கே வாய்க்கால் இருப்பது தெரியுமா, தெரியாதா? தெரியும் என்று சொல்லிவிட்டுத் தம்பி வாயை மூடிக்கொண்டார். அண்ணனும் அதே மாதிரி. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. என்ன பதில் வரும் என்று தெரியாமலே, என் தொழிலில் முதல் தடவையாகக் கேட்டேன்.

“ஏங்க கேஸ் போட்டீங்க?”

அண்ணன் கதவிலிருந்து முகத்தைத் திருப்பினார். “சுவர் எழும்புன அன்னைக்கு இவனுக்குப் போன் போட்டேன் சார். மணி அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுக்கல. திரும்பத் திரும்பப் போட்டேன். வேணும்னேதான எடுக்கல? ராத்திரி இவன் கூப்பிட்டப்ப நானும் எடுக்கல.”

தம்பி விருட்டென்று திரும்பினார். “உங்க நம்பர் வந்தா எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க? மிஸ்டு கால்னு நெனச்சேன்.”

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அதுதான் சட்டம். ஊரில் இருப்பவர் மிஸ்டு கால் கொடுப்பார். வெளிநாட்டில் இருப்பவர் அதை எடுத்துக் காசைக் கரைக்காமல், வேலை முடிந்ததும் தன் செலவில் கூப்பிடுவார். அண்ணன் வாழ்க்கையிலேயே அன்றுதான் நிஜமாகக் கூப்பிட்டிருக்கிறார். தம்பியோ சொன்ன பேச்சைத் தட்டாமல் எடுக்காமல் இருந்திருக்கிறார்.

கேஸ் கட்டைத் தலைகீழாகக் குலுக்கினாலும் இது விழுந்திருக்காது. ‘ஏன்’, ‘ஏன்’ என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனேன், புதிதாகப் பேச வந்த பிள்ளை மாதிரி. வாய்க்காலுக்கு வழி விட்டுத்தான் கட்டச் சொன்னதாகவும், மேஸ்திரி அடைத்துவிட்டது வக்கீல் நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்ததாகவும் தம்பி சொன்னார். நோட்டீஸே வந்த பிறகு தனக்கும் வீம்பு வந்துவிட்டதாம்.

சொல்லி முடித்தவர் அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்துச் சுவரை முழுசாக இடித்துவிடச் சொன்னார். அண்ணன் எட்டி அவர் கையைப் பிடித்தார்.

“இடிக்க வேணாம்டா. அடியில ஒரு குழாய் பதிச்சா தண்ணி வந்துரும். ஆசப்பட்டுக் கட்டுன வீடு, இருக்கட்டும்.”

குழாய் பதித்தார்கள், அந்த வாரமே நடவும் முடிந்தது. சுவரை இடிக்க நான் எத்தனையோ பேருக்கு உத்தரவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஜெயித்தவர்களில் ஒருவர்கூட ‘இடிக்க வேணாம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.